மாதாந்தப் பெண்கள் வட்டம்: யூதப் பெண்களின் வழமையைக் கொண்டு திருகோணமலையில் ஒன்றைத் தொடங்கும் முறை

துயரம் வந்த பிறகு ஆட்களைத் தேடுவது கடினம். கடன், இடப்பெயர்வு, பிள்ளைகளின் பிரிவு, மரணம் என்று ஏதோ ஒன்றினால் நிலைகுலைந்திருக்கும் பெண்ணிடம் போய், யாரிடமாவது மனம்விட்டுப் பேசும்படி சொல்வதால் பயன் அதிகமில்லை. பேசுவதற்குரிய இடமும் நாளும் ஆட்களும் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். யூதப் பெண்களின் சமய வாழ்வில் இத்தகைய ஏற்பாடுகள் சில நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அவற்றை விளங்கிக்கொண்டு, உங்கள் ஒழுங்கையில் அல்லது தெருவில் மாதம் ஒருமுறை கூடும் பெண்கள் வட்டத்தை எவ்வாறு தொடங்கி நடத்தலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நாளைக் குறித்தல்

யூதர்களின் மாதம் பிறையோடு பிறக்கிறது. 29 அல்லது 30 நாட்களைக் கொண்ட அந்த மாதத்தின் தொடக்கத்தை ரோஷ் ஹோதேஷ் என்று அழைப்பார்கள். பழங்காலத்தில் பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமுக்கு வந்து சொன்ன பின்பே மாதம் பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் அது கணிப்பின்படி நாட்காட்டியில் குறிக்கப்படலாயிற்று. அந்த நாளில் பெண்கள் வேலை செய்யாதிருக்கும் வழக்கத்தை, பழைய யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூது குறிப்பிடுகிறது. மோசேயின் காலத்தில், வணங்குவதற்கென்று பொற்கன்று செய்யக் கணவன்மார் நகைகளைக் கேட்டபோது பெண்கள் கொடுக்க மறுத்தார்கள் என்றும், அதற்குப் பரிசாகவே இந்த ஓய்வு அவர்களுக்குக் கிடைத்தது என்றும் மித்ராஷ் எனப்படும் யூத வேத விளக்கக் கதை ஒன்று கூறுகிறது. நகையைக் கழற்றிக் கொடுக்காததற்காகப் பெண்களைப் பாராட்டும் சமயக் கதையை வேறெங்கும் கேட்ட நினைவு எனக்கில்லை. 1970களில் அமெரிக்க யூதப் பெண்கள் இந்த நாளை மீட்டெடுத்து, வீடுகளில் சிறு வட்டங்களாகக் கூடி மன்றாடவும் படிக்கவும் பேசவும் தொடங்கினார்கள்.

ஆகவே உங்கள் வட்டத்துக்கும் நாளை நிலவே தீர்மானிக்கட்டும். எல்லோருக்கும் வசதியான திகதியைத் தேடத் தொடங்கினால், மூன்றாவது மாதத்திலேயே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பதுதான் கூட்டமாகிவிடும். மூன்றாம் பிறை நாளை எடுத்துக்கொண்டால் யூதர்களின் வழமைக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஆனால் அது வேலை நாளில் வந்தால் ஆசிரியைகளும் தாதியரும் கடைகளில் நிற்பவர்களும் வர முடியாது. இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை என்பதால், போயா தினத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. சுவரில் தொங்கும் கலண்டரே எல்லோருக்கும் நினைவூட்டும். சித்திரைப் பௌர்ணமியில் தாய்க்காக விரதம் இருப்பவர்கள் வட்டத்தில் இருப்பார்கள். அன்று உணவை எளிமையாக்குங்கள். நோன்பு மாதத்துப் போயாவில் முஸ்லிம் சகோதரிகளுக்காக நேரத்தைக் காலைக்கு மாற்றி, தேநீரையும் விட்டுவிடுங்கள். மற்ற மாதங்களில் பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பது நல்லது. கிண்ணியா, நிலாவெளிப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் இருட்டுவதற்கு முன் பஸ் ஏற வேண்டும்.

வீடே இடம்

கோயில் மண்டபமோ தேவாலய மண்டபமோ இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கோயிலென்றால் துடக்குள்ளவர் வர முடியாது. மாதத்தில் ஒரே ஒரு நாள் கூடும் வட்டத்தில், அந்த நாள் பார்த்து ஒருத்தியை வெளியே நிறுத்துவது அதன் நோக்கத்தையே கெடுத்துவிடும். துடக்கு வீட்டிலிருந்து வருபவளுக்கும் இதே நிலைதான். வேறு சமயத்தவரின் இடத்துக்குள் போகத் தயங்குபவர்களும் உண்டு. வீட்டு விறாந்தை யாருக்கும் பொதுவானது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை நம் பகுதியில் பலமாகப் பெய்வதால், கூரை ஒழுகாத விறாந்தையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு மாற்றி நடத்தும் முறை நியாயமாகத் தோன்றினாலும், இரண்டொரு மாதங்களில் அது பலகாரப் போட்டியாக மாறி, வசதியற்றவள் தன் முறை வருமுன்பே வட்டத்தை விட்டு விலகிவிடுவாள். ஓரிரு வீடுகளையே நிலையாக வைத்து, தேநீரும் அவித்த கடலையும் போதும் என்று முதல் நாளே முடிவுசெய்யுங்கள்.

யூதப் பெண்களின் மன்றாட்டு மரபும் பெருமளவு வீட்டில்தான் வளர்ந்தது. ஐரோப்பாவில் எபிரேயம் கற்பிக்கப்படாத பெண்களுக்காக, 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் பேசிய இத்திஷ் மொழியிலேயே த்கினெஸ் எனப்படும் மன்றாட்டுகள் சிறு ஏடுகளாக அச்சிடப்பட்டன. விளக்கேற்றும்போது, மா பிசையும்போது, பிள்ளைப்பேற்றின்போது, கல்லறைக்குப் போகும்போது என்று பெண்ணின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மன்றாட்டு இருந்தது. பலவற்றில், சொல்பவள் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள இடம் விடப்பட்டிருந்தது.

யாரை அழைப்பது, எதைத் தவிர்ப்பது

ஏழு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் பேச நேரம் கிடைக்காது. நம் ஊரில் பெண்கள் குழு என்றாலே நுண்கடன் குழு என்று பயப்படுபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்கள் பிணை நிற்கும் அந்த முறையினால், தவணை தவறிய வாரத்தில் அயலவர்களே ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் போனதைக் கிழக்கு மாகாணம் நன்கறியும். எனவே இந்த வட்டத்தில் காசு புழங்கக் கூடாது. சீட்டு வேண்டாம், சந்தா வேண்டாம், நிறுவனங்களின் உதவிப் பட்டியல் எழுதும் வேலையும் வேண்டாம். ஒருத்திக்கு உண்மையாகவே அவசரம் என்றால், மற்றவர்கள் தனித்தனியே, வட்டத்துக்கு வெளியே உதவட்டும்.

வழமை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யூதர் என்றதும் பாலஸ்தீனத்தின் துயரமே நம்மில் பலருக்கு, சிறப்பாக முஸ்லிம் சகோதரிகளுக்கு, நினைவுக்கு வரும். அந்த உணர்வை மதியுங்கள், வாதாடாதீர்கள். ஒரு சமயத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் காத்த வழமை வேறு, ஓர் அரசின் செயல் வேறு என்பதைச் சுருக்கமாகச் சொல்லி, அதன் பிறகு வர விரும்புபவர்கள் வரட்டும். யூதர்களின் எபிரேய மன்றாட்டுகளை நாம் மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டியதில்லை, அவை அவர்களுடையவை. கூடும் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, தேவாரமோ சங்கீதமோ துஆவோ அவரவர் தம்முடையதைச் சொல்லட்டும்.

புதிதாக வருபவளைப் படலையடியில் எதிர்கொள்ள ஒருவரை நியமியுங்கள். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். 1935இல் ஜெர்மனியில் ரபி (யூத சமய ஆசான்) பட்டம் பெற்ற முதல் பெண்ணான ரெஜினா யோனாஸ், 1942இல் நாஜிகளின் தெரேசின்ஸ்டாட் முகாமுக்கு நாடுகடத்தப்பட்ட பின்னர், அங்கு ரயிலில் வந்திறங்கிய கைதிகளைச் சந்தித்து ஆறுதல்படுத்தும் பணியைச் செய்தார். 1944இல் அவுஷ்விட்ஸ் மரண முகாமில் கொல்லப்படும் வரை அவர் போதனையையும் கைவிடவில்லை. அடுத்து என்ன நடக்குமென்று தெரியாமல் வந்து நிற்பவருக்கு முதலில் தேவைப்படுவது தன்னை எதிர்பார்த்து நிற்கும் ஒரு முகம்.

கூடிய பின்

ஒரு விளக்கை ஏற்றித் தொடங்குங்கள். ஏற்றுபவர் மாதந்தோறும் மாற வேண்டும். கணவனை இழந்தவர்களும் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரும் தம் முறையில் கட்டாயம் ஏற்ற வேண்டும். யூத வீட்டில் வெள்ளி மாலை விளக்கு, கணவன் உள்ளவள் என்பதற்காக ஏற்றப்படுவதன்று. தனித்து வாழும் பெண்ணும் விதவையும் ஏற்றுகிறார்கள். நம் வீடுகளில் மங்கல காரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளப்படும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது, இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பின்னர் ஐந்து நிமிடம் மௌனம். வேதாகமத்தில் பிள்ளையில்லாத அன்னாள், குரல் எழாமல் உதடுகள் மட்டும் அசைய மன்றாடியபோது, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருப்பதாக நினைத்துக் கடிந்துகொண்டான். ஆனால் பிற்கால யூத அறிஞர்கள், எவ்வாறு மன்றாட வேண்டும் என்பதற்கான விதிகளை அவளிடமிருந்தே எடுத்தார்கள். மௌனத்துக்குப் பின் ஒவ்வொருவராகப் பேசட்டும். ஒருத்தி பேசும்போது குறுக்கிடவும் ஆலோசனை சொல்லவும் கூடாது. பேச விரும்பாதவள் தலையசைத்தால் அடுத்தவரிடம் போய்விட வேண்டும். இதில் மிகக் கடினமானது ஆலோசனை சொல்லாதிருப்பது. குறிப்பாக வயதில் மூத்த அக்காமாருக்கு. அங்கே கேட்டது படலையைத் தாண்டக் கூடாது என்பதை மாதந்தோறும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

பொதுக் கொப்பி ஒன்றும் வேண்டும். கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடிய மலையாளப் பாடல்களைக் கொப்பிகளில் கையால் எழுதிப் பாதுகாத்தார்கள். 1950களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கொப்பிகளும் கூடவே போயின. உங்கள் கொப்பியில், பேசிய அந்தரங்கங்களை எழுதாதீர்கள். அம்மம்மா பாடிய தாலாட்டு, ஒப்பாரியின் நினைவிருக்கும் அடிகள், அவரவர் தம் பெயரிட்டுத் தாமே எழுதிய நான்கு வரி மன்றாட்டு ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல மற்றவர் எழுதலாம்.

சாவு நிகழும்போது

யூதர் அடக்கம் முடிந்த பின் ஏழு நாட்கள் துக்கம் காப்பார்கள். அதற்கு ஷிவா என்று பெயர். துக்கமுற்றோர் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்திருக்க, முதல் உணவை அயலவர் கொண்டுவருவர். அதில் முட்டையும் பருப்பும் இருக்கும். பருப்புக்கு வாய் இல்லாததைப் போலத் துக்கமுற்றவருக்கும் வாய் இல்லை என்று தல்மூது இதற்கு விளக்கம் தருகிறது. அதனால் வந்தவர்கள், துக்கமுற்றவர் வாய்திறக்கும் வரை தாமாகப் பேச்சைத் தொடங்குவதில்லை. வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தது இதற்கு முன்மாதிரி.

நம் செத்தவீடுகளில் எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, ஏன் முதலே காட்டவில்லை என்ற கேள்விகள்தான் முதலில் வருகின்றன. வட்டத்துப் பெண்கள் இருவர் இருவராகப் போய், அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சோற்றையும் மைசூர்ப் பருப்பையும் குசினியில் வைத்துவிட்டு வரட்டும். எட்டுச் செலவு வரை ஆட்கள் வந்துபோவார்கள். கன்னியா வெந்நீரூற்றில் 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடும். யூதரிடத்தில் முதல் 30 நாட்களுக்கு அப்பாலும், தாய் தந்தைக்காகக் கடிஷ் மன்றாட்டு 11 மாதங்கள் சொல்லப்படுகிறது. அந்த அளவை நாமும் எடுத்துக்கொண்டு, அந்தியேட்டிக்குப் பின் வரும் ஒவ்வொரு போயாவிலும் இறந்தவரின் பெயரை வட்டத்தில் சொல்லலாம்.

மகன் இல்லாத வீடுகளில் இது இன்னும் முக்கியமானது. 1916இல் ஹென்ரியெட்டா சோல்ட் என்ற அமெரிக்க யூதப் பெண்மணியின் தாய் இறந்தபோது, வழமையாக மகனே சொல்லும் கடிஷைத் தாம் சொல்வதாகக் குடும்ப நண்பர் ஒருவர் முன்வந்தார். தம் தாய்க்கு எட்டு மகள்மார், மகன் இல்லை என்பதைக் குறிப்பிட்ட சோல்ட், நன்றி கூறி அதை மறுத்து, அந்தக் கடமையைத் தாமே ஏற்றார். கொள்ளி வைக்கும் உரிமை பற்றி உறவினரோடு வழக்காடுவது வட்டத்தின் வேலையன்று. ஆனால் விறாந்தையில் தாயின் பெயரைச் சொல்லும் முதல் உரிமை மகளுக்கே.

வெளிநாடு போனவர்கள்

கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டவர்களையும் கொப்பியிலிருந்து நீக்க வேண்டாம். நமக்குப் பின்னேரம் ஐந்து மணியாகும்போது டொரொன்டோவில் கோடையில் காலை ஏழரை, குளிர்காலத்தில் ஆறரை; வாட்ஸ்அப்பில் ஒரு முகமாவது வந்துவிடும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் தொலைபேசியைக் கதிரையில் சாய்த்துவைக்காதீர்கள். ஒருவரோடு ஒருவர் பேச வந்தவர்கள் எல்லோரும் திரையோடு பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். திரையில் இருப்பவரையும் அவரது முறையில் பேசவிட்டு, அடுத்த போயா எந்தத் திகதியில் வருகிறதென்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.