காரில் சப்வூஃபர் பொருத்துதல்: வயர் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கார் ஆடியோ கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளை எடுத்துப் பார்த்தால் 1500, 2000 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது கண நேரத்திற்கு மட்டுமே எட்டக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு ஆர்.எம்.எஸ். வாட் என்ற பெயரில் கையேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். கணக்குப் போட உதவுவது அது ஒன்றே. ஆனால் நல்ல ஆம்ப்ளிஃபையரையும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான நல்ல சப்வூஃபரையும் வாங்கிய பிறகும் பேஸ் தளர்ந்து ஒலிப்பதற்கும், அடிக்கு அடி ஹெட்லைட் மங்குவதற்கும், ஏன், சில நேரம் வயர் உருகிப் புகை வருவதற்கும்கூட, பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் வயரும், மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பிப் போக உதவும் எர்த் இணைப்பும்தான் காரணமாக இருக்கும். ஆகவே முதலில் அவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தில் வாட் வாங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சிறிய ஹேட்ச்பேக் கார். இரண்டு 4 ஓம் காயில்கள் உள்ள ஒரு 10 அங்குல சப்வூஃபர். 2 ஓம் சுமையில் 500 வாட் ஆர்.எம்.எஸ். தரும் கிளாஸ் டி மோனோபிளாக் (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபையர். கிளாஸ் டி வகை, தான் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பும் என்று கொண்டால், 500 வாட் வெளியே வர 625 வாட் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் அதை வகுத்தால் 45 ஆம்பியர் வருகிறது. பாட்டு இடைவிடாமல் இந்த அளவை இழுப்பதில்லை, டிரம் அடி விழும் கணங்களில்தான் இழுக்கும். ஆனால் வயர் அந்தக் கணங்களுக்குத்தான் தயாராக இருக்க வேண்டும். பல சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, ஏ.சி.யும் ரேடியேட்டர் ஃபேனும் ஹெட்லைட்டும் அதே ஆல்டர்னேட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் ஆல்டர்னேட்டரைத் தொடாமல் சிறிய காரில் வைக்க 500 வாட் போதும் என்பது என் கருத்து.

இனி வயர். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் வேண்டும். அந்த நீளத்தில் 8 கேஜ் செம்பு வயரில், அதாவது ஏறத்தாழ 8.4 சதுர மி.மீ. வயரில், 45 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வழியிலேயே வீணாகும். 4 கேஜ், அதாவது 21 சதுர மி.மீ. போட்டால் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். கடையில் 25 சதுர மி.மீ. செம்பு வயர் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: குறைந்த விலை வயரிங் கிட்களில் பெரும்பாலும் வருவது அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய வயர். அதன் கடத்தும் திறன் சுத்தச் செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஓர் இழையை எடுத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயப்பூச்சு போட்ட செம்பு, நல்ல சரக்கு. சிலர் ரப்பர் உறையைத் தடிமனாக்கி வயரைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். வாங்கும் முன் வெட்டிய முனையைத் திருப்பி, உள்ளே இருக்கும் உலோகத்தின் பருமனைப் பார்ப்பது நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் வர வேண்டும். இந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கு அல்ல. அதற்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் உண்டு. இது வயரைக் காப்பதற்கானது. எங்கேனும் ஒரு தகட்டு விளிம்பில் உறை கிழிந்து வயர் பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுத்து, அதன் மேல் கிடக்கும் தரைவிரிப்பு பற்றிக்கொள்ளும். நம் எடுத்துக்காட்டுக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஹோல்டரை மாட்டுங்கள், ஆனால் எல்லா வேலையும் முடியும் வரை ஃபியூஸை உள்ளே போடாதீர்கள்.

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர, இரண்டுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) ஒன்றைத் தேடி அதன் வழியாக வயரை நுழையுங்கள். புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால், மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பின் போட்டு, குரோமெட் மாட்டி சிலிகான் பூசுங்கள். நுழையும் இடத்திற்கு முன்னால் வயர் சற்றே கீழே தொங்கி மேலேறுமாறு விட்டால், மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். பெடல்களுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் அருகே வயரைக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறையோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர் என்று கொண்டு, கையே வைக்காமல் விலகுங்கள். பவர் வயர் ஒரு பக்கக் கதவடியில் போனால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலி சிக்னல் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளை மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் ரிமோட் வயர் பெரும்பாலான ஸ்டீரியோக்களில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது; அது ஆர்.சி.ஏ.யோடு சேர்ந்தே வரலாம். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே ஏற்கும் உள்ளீடு உள்ள ஆம்ப்ளிஃபையரை வாங்குங்கள்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முதல் காரில், பின்சீட்டுக்கடியில் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு போல்ட்டிலேயே எர்த்தைக் கட்டினேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போகும் ஒரு விசில் ஒலி ஸ்பீக்கரில் வந்தது. ஆர்.சி.ஏ. கேபிளை இரண்டு முறை மாற்றியும் அது போகவில்லை. கடைசியில் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் இருந்த பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மின்சாரம் மரையின் ஓரங்கள் வழியாகத் திக்கித் திணறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அன்று முதல் எனக்கு ஒரே வழிமுறைதான். டிக்கியில் பாடியோடு வெல்டு செய்த கனமான தகட்டில், பெட்ரோல் டேங்கும் அதன் குழாயும் அடியில் இல்லாத இடத்தைத் தேர்ந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உலோகம் பளபளக்கும் வரை பெயின்ட்டைச் சுரண்டுவேன். வயர் முனையில் நன்றாக நசுக்கி இறுக்கிய (கிரிம்ப் செய்த) லக், பல் வைத்த வாஷர், 8 மி.மீ. போல்ட், பின்புறம் நட். இறுக்கிய பிறகு துருப்பிடிக்காமல் இருக்க மேலே பெயின்ட். எர்த் வயரும் பவர் வயரின் அதே பருமனில், அரை மீட்டருக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது உயிரைத் தாங்கும் போல்ட்.

சப்வூஃபரின் இரண்டு காயில்களை ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்தால் 2 ஓம் வரும்; ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம். மல்டிமீட்டர் 2 என்று காட்டாது, 1.6 முதல் 1.8 வரை காட்டினால் இணைப்பு சரி. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 20 முதல் 25 லிட்டர் வரையிலான மூடிய பெட்டி 10 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குப் பொருந்தும். ஆயினும் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. பெட்டியை டிக்கியில் வெறுமனே வைத்துவிடாமல் தரையோடு கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள், சடன் பிரேக்கில் அது முன்னால் பாயும்.

இப்போது நெகட்டிவ் டெர்மினலை மீண்டும் மாட்டி, ஃபியூஸைப் போட்டு, கெயினுக்கு வரலாம். கெயின் என்பது ஒலியளவைக் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டேஜுக்கும் ஆம்ப்ளிஃபையரின் எல்லைக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 500-ஐ 2-ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6 வோல்ட். இதுதான் தாண்டக் கூடாத எல்லை. சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டைப் பூஜ்ஜியமாக்கி, ஈக்வலைசரைச் சமமாக்கி, திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் பங்கு ஒலியில் வைத்து, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டோனைப் போடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்தபடி கெயினை மெல்லத் திருப்பினால் எண் ஏறும். நான் 28-லேயே நிறுத்திவிடுவேன். அதனால் குறைவது ஒரு டெசிபல்தான், காதுக்கு அது அநேகமாகத் தெரியாது. எல்லையைத் தாண்டினாலோ ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகி, வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். அந்த வாடையை ஒருமுறை நுகர்ந்தவர்கள் கெயினை இரண்டாவது முறை கண்மூடித் திருப்ப மாட்டார்கள்.

தாழ்ந்த ஒலிகளை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு, தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் இருந்தால் அதையும் 80-லேயே வைத்தால் அவை சுமை குறைந்து தெளிவாகப் பாடும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துகொண்டு, ஒருவரை, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்சை 0-விலிருந்து 180-க்கு மாற்றச் சொல்லி, எதில் பேஸ் முன்னால் வந்து நிறைகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

அரை மணி நேரம் நல்ல ஒலியில் ஓடவிட்ட பிறகு பானட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரையும், டிக்கியில் எர்த் லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே கிரிம்ப்போ திருகோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு பாட்டு சத்தமாக ஓடும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்ளிஃபையரின் எர்த் டெர்மினலுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள், 0.2-க்கு மேல் ஏறினால் மீண்டும் சுரண்டி இறுக்குங்கள். ஒரு மாதம் ஓடி, ரோட்டின் குலுங்கலில் எல்லாம் படிந்த பிறகு, இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.