குழந்தையோடு சேர்ந்து உங்களுக்கும் அழுகை வருகிறதா?

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு நாலைந்து மணி நேரமாவது விடாமல் தூங்கப் பாருங்கள், பாத்திரம் காலை வரை கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

கோபம் தலைக்கேறும்போது குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். அழட்டும், பரவாயில்லை. ஆனால் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள், அது மூளையையே பாதிக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகை பெரும்பாலும் 2 வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இது அப்பாக்களுக்கும் வரும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், தனியாகவும் இருக்காதீர்கள்.