கிரெம்ளினுக்கு வியாழக்கிழமை போகாதீர்கள்

ரஷ்யப் பெருநகரங்களின் வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வோர் பலர் வரைபடத்தைப் பார்க்கும் அளவுக்குக் கிழமையைப் பார்ப்பதில்லை. அங்குள்ள அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான விடுமுறை நாள் கிடையாது. மாஸ்கோவின் கிரெம்ளின் கோட்டைக்கு வியாழக்கிழமை விடுமுறை; செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம் திங்களன்றும், புனித ஐசக் பேராலயம் புதனன்றும், நகருக்குத் தெற்கே புஷ்கினில் உள்ள கேத்தரின் அரண்மனை செவ்வாயன்றும் மூடியிருக்கும். இது போதாதென்று, மாதத்தில் ஒரு நாளைத் துப்புரவு நாள் என்று ஒதுக்கி அடைத்துவிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஆகவே பயணத் தேதி உறுதியானதும் ஒவ்வோர் இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தையும் பார்த்து, அதன் பிறகே எந்த நாளில் எங்கே செல்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

கிரெம்ளின் என்றவுடன் பலர் மனத்தில் எழும் வண்ணக் குவிமாடங்கள் உண்மையில் கிரெம்ளினுக்கு உரியவை அல்ல. அவை மதிலுக்கு வெளியே, செஞ்சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் புனித பசில் பேராலயத்தைச் சேர்ந்தவை. அதற்குத் தனி நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். கசான் நகரை வென்றதன் நினைவாக 1555 முதல் 1561 வரை ஜார் மன்னர் நான்காம் இவான் கட்டுவித்த அக்கோயிலுக்குள் பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். நடுவிலுள்ள ஆலயத்தைச் சுற்றிச் சிறு சிறு ஆலயங்களை நெருக்கி அமைத்திருப்பதால், உள்ளே குறுகிய நடைகளும் சிற்றறைகளுமே இருக்கும். என் கணிப்பில் அந்த நெருக்கம்தான் அதன் அழகு. கிரெம்ளின் மதிலுக்குள்ளேயும் ஒரே சீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது; பேராலயச் சதுக்கத்துக்கு ஒன்று, படைக்கலக் காட்சியகத்துக்கு ஒன்று, அரச நகைகள் வைக்கப்பட்டுள்ள வைர நிதியத்துக்கு ஒன்று எனப் பிரிந்திருக்கும். படைக்கலக் காட்சியகத்தில் சீட்டில் குறித்த நேரத்துக்கே அனுமதிப்பார்கள்.

ஹெர்மிடேஜிலும் இதே போன்ற குழப்பம் நேர்கிறது. அதன் முதன்மைக் கட்டடமான குளிர்கால அரண்மனையின் கூடங்களில் நாள் முழுவதும் நடந்து களைத்த பிறகுதான், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ஓவியங்கள் அரண்மனைச் சதுக்கத்தின் எதிர்ப்புறமுள்ள தலைமைத் தளபதியகக் கட்டடத்தில் இருப்பது பலருக்குத் தெரியவரும்.

பழமையை மதிப்பிடுவதிலும் கவனம் தேவை. மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் 1931-இல் தகர்க்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. கசான் நகரின் கிரெம்ளின் கோட்டைக்குள் நிற்கும் குல் ஷரீப் மசூதி 2005-இல் திறக்கப்பட்டது. அதே மதிலுக்குள் இருக்கும் அறிவிப்புப் பேராலயமோ 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கேத்தரின் அரண்மனையில் ஆம்பர் எனும் இறுகிய மரப்பிசினால் சுவர்களை அலங்கரித்த ஆம்பர் அறையும் 2003-இல் முடிந்த மறுஆக்கமே, ஏனெனில் மூல அறையை 1941-இல் ஜெர்மன் படையினர் பெயர்த்துச் சென்றுவிட்டனர்.

வழிபாடு நடக்கும் கோயில்களில் பெண்கள் தலையை மூடுவதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவதும் மரபு. குளிர்காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகேயுள்ள பீட்டர்ஹோப் அரண்மனைக்குச் செல்வோர் நீரூற்றுகளை எதிர்பார்க்கக் கூடாது. வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் செல்லாததால், ரூபிளாகப் பணம் கையில் இருப்பது அவசியம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இரவு அழகில் நேரத்தை மறப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கப்பல் போக்குவரத்துக் காலத்தில் நள்ளிரவுக்குப் பின் நேவா ஆற்றின் பாலங்கள் கப்பல்களுக்கு வழிவிட மேலே தூக்கப்படுவதால், தங்கும் விடுதி எதிர்க்கரையில் இருந்தால் பாலம் மறுபடி இறங்கும் வரை காத்திருக்க நேரிடலாம்; அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே வெளியே கிளம்ப வேண்டும்.