பெஞ்ச் பிரஸ் 50 கிலோவிலேயே நிற்கிறதா? வரிசையாக இவற்றைப் பாருங்கள்

பெஞ்ச் பிரஸ் என்பது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி. ஜிம்மில் சேர்ந்த புதிதில் இதில் தூக்கும் எடை வாராவாரம் ஏறும். பிறகு எங்காவது நின்றுவிடும். பலரும் உடனே பயிற்சி அட்டவணையையே மாற்றுவார்கள். அது கடைசியில் யோசிக்க வேண்டியது. கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் பலன் கிடைத்தது என்றே தெரியாது.

1. நிஜமாகவே நின்றுவிட்டதா?

ஒரு நாள் தூக்க முடியாமல் போவது தேக்கம் ஆகாது. மூன்று வாரமாக எடையும் ஏறவில்லை, ரெப்ஸும் (இடைவிடாமல் எத்தனை முறை தூக்குகிறோம் என்பது) கூடவில்லை என்றால்தான் கணக்கு. அதற்கு நோட்டு வேண்டும். எடை, ரெப்ஸ், எந்த பார் என மூன்றையும் எழுதுங்கள். ஒலிம்பிக் பார் 20 கிலோ; அதைவிட லேசான பார்களும் சில ஜிம்களில் கலந்து கிடக்கும்.

2. செட்டுக்கு நடுவில் ஓய்வு

செட் என்பது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று ரெப்ஸ். ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போனால் தசை இன்னும் தேறியிருக்காது. கனமான செட்டுக்குப் பிறகு 3 நிமிடமாவது உட்காருங்கள். பல "தேக்கங்கள்" இதோடு தீர்ந்துவிடும்.

3. எடையை ஏற்றும் அளவு

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ஜிம்மில் இருக்கும் சின்ன பிளேட் 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 5 கிலோ கூடும். 50-லிருந்து 55 என்பது 10 சதவீதம். ஒரே வாரத்தில் உடம்பு அதற்குத் தயாராகாது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் ரெப்ஸை ஏற்றுங்கள். 50 கிலோவில் 3 செட், தலா 5 ரெப்ஸில் தொடங்குங்கள். அடுத்தடுத்த நாட்களில் 6, 5, 5. பிறகு 6, 6, 5. மூன்று செட்டிலும் 8 வந்த பிறகு 55 கிலோவில் மறுபடி 5. எடையை (1 + ரெப்ஸ்/30) என்பதால் பெருக்கினால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை தோராயமாகக் கிடைக்கும். 50 கிலோ, 8 ரெப்ஸுக்கு 63. 55 கிலோ, 5 ரெப்ஸுக்கு 64. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 8 வரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

4. பார் எங்கே நிற்கிறது?

பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். நெஞ்சருகே நின்றால், 40 கிலோவில் நெஞ்சின் மேல் 2 விநாடி நிறுத்தித் தள்ளுங்கள். 3 செட், தலா 5. மேலே முழங்கை நீளும் இடத்தில் நின்றால், தோள் அகலத்துக்குப் பிடியைக் குறுக்கிச் செய்யுங்கள், ட்ரைசெப்ஸுக்கு (மேற்கையின் பின்பக்கத் தசை) வேலை கூடும். இடுப்பு பெஞ்சை விட்டு எழும்பினால் அந்த ரெப்பை எண்ணாதீர்கள்.

5. ஒரு வாரம் இறக்குங்கள்

வார்ம்-அப் எடையே கனக்கிறது, மூட்டெல்லாம் வலிக்கிறது என்றால் சோர்வு சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் 45 கிலோவில் 2 செட் மட்டும். அடுத்த வாரம் மறுபடி 50. தோளில் சுருக்கென்று குத்தும் வலி வேறு விஷயம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. தட்டைப் பாருங்கள்

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இட்லி, சாம்பார், சோறு என்றே போனால் இது எட்டாது. 4 முட்டையில் 24, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் ஏறக்குறைய 45, உலர்ந்த சோயா சங்க்ஸ் 50 கிராமில் 25. மிச்சம் பருப்பிலும் தயிரிலும் வந்துவிடும். ஒல்லியானவர்களுக்கு மாதக்கணக்கில் உடல் எடையே ஏறவில்லை என்றால் சோற்றையும் கூட்டத்தான் வேண்டும்.