பிரெட் முரும்

வேலைக்காக மொரிஷியஸ் வந்த புதிது. காய்கறிக் கடையில் கல்லாவுக்கு மேலே முருகன் படம், அந்த அம்மா நெற்றியில் திருநீறு. ஆசையாகத் தமிழில் பேசினேன். கைகூப்பி "வணக்கம்" என்றார். அப்புறம் வந்ததெல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் பேச்சுமொழி. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை, ஆனால் பேச ஆளில்லையே என்று மனசு நொந்துபோனது. ஒரு மாதம் ஆபீஸ் விட்டால் வீடு என்றே கிடந்தேன்.

மாற்றியது ஒரு கீரைக்கட்டுதான். முருங்கைக்கீரையைக் கை காட்டினேன். "பிரெட் முரும்" என்றார். பிரெட் என்றால் கீரை; முரும், நம்ம முருங்கை! ரசம் இங்கே 'ராசோன்'. அன்றிலிருந்து கடைக்குப் போனதும் முதலில் "கி மான்யேர்?" என்று நலம் விசாரிப்பேன், தினம் ஒரு காய்க்குக் கிரியோல் பெயர் கேட்பேன், அவர் தமிழ்ப் பெயரைத் திருப்பிக் கேட்பார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் இவ்வளவைக் காப்பாற்றியதே பெரிது. நான் மனத்தாங்கல் பட்டது தப்பு.

போன காவடிக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. வாழையிலையில் ஏழு கறி, கடைசியில் ராசோன்.