வெளுத்த மான்கொம்புக்கு நிறம் ஏற்றுவது

அமெரிக்காவின் மிச்சிகனில் பனி உருகியதும் காட்டோரம் வெண்வால் மான் உதிர்த்த கொம்புகள் கிடைக்கும். (நம்மூரில் தேடிப் போகாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி வம்பு.) போன வருடம் நான் எடுத்தது வெயிலில் கிடந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கிளையை எலி கொறித்திருந்தது.

பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். விரிசலுக்கு எபாக்ஸி பசை. உப்புத்தாள் போட்டால் முகமூடி கட்டாயம். தூள் நுரையீரலுக்கு ஆகாது, கருகிய முடி வாடை வேறு.

நிறத்துக்கு, கிணற்றில் போடுவார்களே, அதே பொட்டாசியம் பெர்மாங்கனேட். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் கரையுங்கள். பூசியதும் கத்திரிப்பூ நிறத்தில் பயமுறுத்தும். பதறாதீர்கள், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். அடிப்பாகத்துக்கும் பள்ளங்களுக்கும் இரண்டு மூன்று பூச்சு. நுனியைத் தொடவே கூடாது. மான் மரத்தில் உரசி உரசி நுனி வெள்ளையாகத்தான் இருக்கும். இது தெரியாமல் முதல் கொம்பை முழுக்க முக்கிவிட்டேன். சாக்லேட்டில் செய்தது போல ஆகிவிட்டது.

காய்ந்ததும் மேடுகளை மட்டும் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தேன்மெழுகு தடவித் துணியால் துடையுங்கள். எலிப்பல் தடத்தை நான் அடைக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.