முதல் ஐரோப்பா பயணம்: வரைபடத்திலிருந்து தொடங்கி வீடு திரும்பும் வரை

ஐரோப்பா போகலாம் என்று முடிவு செய்தவுடன் பலரும் முதலில் செய்வது, பாரிஸ், சுவிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம், முடிந்தால் லண்டன் என்று ஒரு பட்டியல் போட்டு அதைப் பத்து நாளுக்குள் திணிப்பதுதான். பாரிஸுக்கும் ரோமுக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 1,100 கிலோமீட்டர். அந்தப் பட்டியலோடு போனால் பாதிப் பயணம் ஸ்டேஷனிலும் ஏர்போர்ட்டிலும் கழியும். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தைத் திறங்கள். எந்த ஊர் எந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்த எல்லைக்குள் எந்த விசா செல்லும் என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ப்ராக் (செக் குடியரசு), வியன்னா (ஆஸ்திரியா), பிராட்டிஸ்லாவா (ஸ்லோவாக்கியா), புடாபெஸ்ட் (ஹங்கேரி). ஏன் என்று போகப் போகப் புரியும்.

படி 1: மூன்று வட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியம், ஷெங்கன் பகுதி, யூரோ நாணயம் இந்த மூன்றும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் விசாவில் இடிக்கும், பணத்திலும் இடிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். ஷெங்கனில் 29. ஒரே விசாவில் எல்லைச் சோதனை இல்லாமல் சுற்றிவர முடிவது இந்த 29க்குள்தான். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இங்கிலாந்து இரண்டிலும் இல்லை, அதற்குத் தனி விசா. குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. அதனால் பழைய பயணக் கட்டுரைகளில் இந்த மூன்று நாடுகளைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. உங்கள் ஷெங்கன் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது என்றால், நடுவில் பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டு நாள் போய்விட்டுத் திரும்பி பாரிஸுக்குள் வர முடியாது, வெளியே போன அந்த நிமிடமே விசா தீர்ந்துபோய்விடும். லண்டன் வேண்டுமானால் பயணத்தின் முதலிலோ கடைசியிலோ வையுங்கள், இல்லையென்றால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

யூரோ வட்டம் இன்னும் சிறியது. பல்கேரியா 2026 ஜனவரியில் சேர்ந்த பிறகு 21 ஒன்றிய நாடுகளில் யூரோ ஓடுகிறது. செக் குடியரசு, ஹங்கேரி, போலந்து, சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து எல்லாம் இன்னும் சொந்த நாணயம்தான்.

படி 2: ஒரு கோட்டைப் பிடித்துப் பாதை போடுங்கள்

டான்யூப் நதி ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் பிறந்து, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி, பத்து நாடுகளைத் தொட்டுக் கருங்கடலில் கலக்கிறது. நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன: வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட். முதல் மூன்றும் ஷெங்கனுக்குள், பெல்கிரேட் வெளியே, அதனால் அதை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுவோம். ப்ராக் இந்த நதியில் இல்லை. அங்கே ஓடுவது வல்தாவா. அது எல்பே நதியில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. ஆனால் ப்ராக்கிலிருந்து வியன்னாவுக்கு நேர் ரயில் இருப்பதால் அந்தக் கோட்டோடு அழகாகச் சேர்ந்துகொள்கிறது.

தூரத்தைப் பாருங்கள். ப்ராக்கிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நாலு மணி நேரம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா 60 கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி. நாலு நாடு, நாலு தலைநகரம், நடுவில் விமானமே வேண்டாம்.

இரவுகளைப் பிரிக்க என் கணக்கு: ப்ராக் 3, வியன்னா 4, பிராட்டிஸ்லாவா 1, புடாபெஸ்ட் 3. பிராட்டிஸ்லாவாவை வியன்னாவிலிருந்து பகலில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கம், ஆனால் எனக்கு ஓர் இரவு தங்குவதுதான் பிடிக்கும். சாயங்காலம் பகல் கூட்டம் வடிந்த பிறகு பழைய நகரத்தில் நிதானமாக நடக்கலாம், கோட்டை மேட்டில் ஏறி நின்றால் நதியும் அதற்கு அப்பால் ஆஸ்திரியாவும் கண்ணுக்குத் தெரியும். ஆஸ்திரியா, ஹங்கேரி என்று இரண்டு அயல்நாடுகளை ஒட்டியே இருக்கிற தலைநகரம் அது.

எப்போது போவது? மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் ப்ராக்கில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், டிசம்பரிலோ நாலு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகவே போகிறவர்கள் உண்டு, அது தனி அழகு, ஆனால் குளிருக்கான உடுப்புச் செலவையும் குறுகிய பகலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: விசா

எந்தத் தூதரகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதில் தெளிவான விதி இருக்கிறது: அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதற்கு. எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. மேலே சொன்ன கணக்கில் வியன்னாவுக்கு நாலு இரவு, ஆகவே ஆஸ்திரியா. நீங்கள் முதலில் இறங்குவது ப்ராக் என்றாலும் ஆஸ்திரியாதான். அங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது, இங்கே எளிதாகத் தருவார்கள் என்று யார் யாரோ சொல்வதைக் கேட்டு வேறு நாட்டுக்குப் போடாதீர்கள். ஹோட்டல் புக்கிங்கும் விண்ணப்பமும் பொருந்தாமல் போனால் நிராகரிக்க அதுவே காரணமாகலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பதில் வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்குப் போகிறவர்கள் மூன்று நாலு மாதம் முன்பே அப்பாயின்ட்மென்ட் பார்ப்பது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், எந்த நாள் எங்கே என்ற பயணத் திட்டம் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை தேதி தேதியாகப் பாருங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல்களை மட்டுமே எடுங்கள்.

எட்டியாஸ் (ETIAS) என்ற முன் அனுமதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது விசா இல்லாமல் போகக்கூடிய நாட்டவருக்கானது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசாவோடு போகிறவர்களுக்கு அது தேவையில்லை, அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 4: விமானம்

போன ஊருக்கே திரும்பி வந்து ஏற வேண்டிய அவசியம் இல்லை. டிக்கெட் தளங்களில் மல்டி சிட்டி என்ற பிரிவில் போகும்போது ப்ராக், வரும்போது புடாபெஸ்ட் என்று தேடுங்கள். பல நேரம் விலை ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும், ஒரு முழு நாள் மிச்சம்.

வளைகுடா வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை ப்ராக்கிலேயே நடக்கும். ஃப்ராங்ஃபர்ட் வழியாக வந்தால் ஷெங்கனுக்குள் நுழைவது அங்கேதான், ஆகவே வரிசையில் நின்று சோதனை முடித்த பிறகே அடுத்த விமானத்துக்குப் போக முடியும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள், முதல் முறை போகிறவர்களுக்கு அதற்கும் நேரம் பிடிக்கும். இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்றால் அந்த டிக்கெட் வேண்டாம். மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி.

படி 5: ரயில்

பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் யூரேல் பாஸ் நல்ல பொருள்தான், ஆனால் இந்தப் பாதைக்கு வேண்டாம். மூன்று சிறு பயணங்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. ப்ராக் வியன்னா டிக்கெட்டைச் சில வாரம் முன்பே ரயில்வேயின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், சீக்கிரம் வாங்கினால் விலை நன்றாகக் குறையும், ஆனால் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். டிக்கெட் விலையில் இருக்கை பல நேரம் சேராது. அதற்குச் சில யூரோ தனியாகக் கொடுத்து எடுத்துவிடுங்கள், கோடையில் பெட்டியோடு நின்றுகொண்டு போவது கொடுமை. வியன்னா பிராட்டிஸ்லாவாவுக்கு முன்பதிவே வேண்டாம், அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்டேஷன் பெயரை முழுசாகப் படியுங்கள். வியன்னா பலகையில் வீன் என்றுதான் இருக்கும், ப்ராக் ப்ராஹா. பிராட்டிஸ்லாவாவுக்கு வியன்னாவிலிருந்து இரண்டு தடம்: ஒன்று முக்கிய ஸ்டேஷனுக்கு, இன்னொன்று நதிக்கு மறுகரையில் இருக்கும் பெட்ர்ஷல்கா ஸ்டேஷனுக்கு. புடாபெஸ்டில் கெலெட்டி, நியுகட்டி, டேலி என்று மூன்று பெரிய ஸ்டேஷன்கள், ஒன்றுக்கொன்று தள்ளித்தான் இருக்கின்றன. ஹோட்டல் எடுக்கும் முன் எங்கே இறங்குகிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள்.

பிராட்டிஸ்லாவாவிலிருந்து புடாபெஸ்ட் போகும்போது வண்டி போகும் திசையில் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஷ்டூரோவோ ஸ்டேஷன் வந்ததும் டான்யூபின் மறுகரையில் எஸ்டெர்கோம் பேராலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். அதற்குப் பிறகு தண்டவாளம் நதியை ஒட்டியே ஓடுகிறது, கிழக்கே போய்க்கொண்டிருந்த நதி தெற்கே திரும்புகிற அந்த வளைவில் எதிர்க்கரை மலை உச்சியில் விஷெக்ராட் கோட்டை. இதற்காகவே இந்தப் பகுதியைப் பகல் வண்டியில் போகச் சொல்கிறேன்.

எல்லையில் வண்டி நிற்காமல் போய்விடும் என்பதால் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். சில நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனை வைக்கின்றன, போலீஸ் வண்டிக்குள் ஏறிக் கேட்பதுண்டு.

ஊருக்குள் மெட்ரோவிலும் டிராமிலும் பெரும்பாலும் தடுப்புக் கதவே கிடையாது. காகித டிக்கெட் வாங்கினால் நுழைவாயிலிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் சிறு பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம், பரிசோதகர் வந்தால் அபராதம் உறுதி.

படி 6: பணம்

ப்ராக்கில் கொருனா, வியன்னாவிலும் பிராட்டிஸ்லாவாவிலும் யூரோ, புடாபெஸ்டில் ஃபோரின்ட். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும். ஏ.டி.எம்மிலோ கடை மெஷினிலோ “ரூபாயில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்தில் கழிக்கவா” என்று திரையில் கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதத்தில் மாற்றுவார்கள், நஷ்டம் நமக்கு. கூடியவரை உள்ளூர் வங்கியின் ஏ.டி.எம்மிலேயே எடுங்கள். ப்ராக் தெருவில் நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் நிற்கவே வேண்டாம், செல்லாத நோட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

படி 7: சாப்பாடும் சின்னச் சின்ன விஷயங்களும்

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. ப்ராக்கில் பொரித்த சீஸ், வியன்னாவில் சீஸ் சேர்த்த மாவுத் துணுக்குகளான கேஸ்ஷ்பெட்ஸ்லெ, புடாபெஸ்டில் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி கிடைக்கும். ஸ்லோவாக்கியாவின் ஹலுஷ்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளில் மேலே பன்றிக்கொழுப்பு தூவித் தருவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். சூப்பில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். குலாஷ் என்ற குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சி. நாலு ஊரிலும் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்கள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனில் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். நாலு ஊருக்கும் ஒரே நேரம்: கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மின்சாரம் 230 வோல்ட், இரண்டு உருண்டை முள் உள்ள போன் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள் லேப்டாப் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். எந்த ஆபத்துக்கும் 112.

படி 8: திரும்பும் நாள்

புடாபெஸ்ட் நகர மையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு 100ஈ (100E) என்ற நேர் பஸ் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட், வழக்கமான டிக்கெட் செல்லாது. பெரிய பொருள் வாங்கி வரி திரும்பப் பெறும் படிவம் வைத்திருந்தால், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும், பொருளையும் பார்க்கக் கேட்கலாம். அதனால் பெட்டியை செக்-இன் செய்யும் முன்பே அந்தக் கவுன்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.